ஓய்வு பெற்ற சர்வரும் ஓய்வு பெறாத பெயரும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் இரண்டு நிபந்தனை போட்டார். "கம்ப்யூட்டர் பற்றிப் பேசுங்க, ஆனா செயற்கை நுண்ணறிவு வேண்டாம், அதை எல்லாரும் பேசிட்டாங்க" என்பது முதல் நிபந்தனை. "மாணவர்களுக்குப் பயன்படணும், சீனியர்களுக்குத் தூக்கம் வரக்கூடாது" என்பது இரண்டாவது. முதல் நிபந்தனையைக் கண்டிப்பாக நிறைவேற்றுவேன். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் யாரும் மேடையில் பேசாதது. ஓர் அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்தால் என்ன நடக்கிறது? சந்தனம் குங்குமம் வைக்கிறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம், மேலாளர் வந்து பட்டனை அழுத்துகிறார், எல்லோருக்கும் ஸ்வீட் கொடுக்கிறோம். அதே சர்வர் ஏழெட்டு வருஷம் உழைத்துவிட்டுப் போகும்போது? ஒருவர் வந்து வயரைப் பிடுங்குகிறார். இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைக்கிறார். அவ்வளவுதான். ஆனால் சர்வர் போய்விட்டதே தவிர அதன் பெயர் போகவில்லை. அந்தப் பெயர் எங்கெல்லாம் தங்கிவிடுகிறது, தங்கினால் என்ன ஆகும், அதை எப்படி முறைப்படி நீக்குவது என்பதுதான் என் பேச்சு.

முதலில் டைரக்டரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தில் முன்னாள் மாணவர் முகவரிப் புத்தகம் இருக்கிறது. பெயர், படித்த ஆண்டு, ஊர், தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. நெட்வொர்க் டைரக்டரியும் ஏறக்குறைய அப்படித்தான். ஆட்களின் பெயர், அவர்களின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் தகவல், கம்ப்யூட்டர்களின் பெயர், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதி எல்லாம் அதில் இருக்கும். காலையில் நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் தட்டும்போது, "இவர் நம்ம ஆள்தானா?" என்று உங்கள் கம்ப்யூட்டர் அந்த டைரக்டரியிடம்தான் கேட்கிறது. உலகம் முழுக்க மிக அதிகமான அலுவலகங்களில் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. அது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், விண்டோஸ் 2000 சர்வரோடு சேர்ந்து வந்தது. இந்த டைரக்டரியை வைத்துக்கொண்டு பதில் சொல்லும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர்.

அதற்கு முந்தைய 1996-ஆம் ஆண்டு விண்டோஸ் என்.டி. 4.0-இல் ஏற்பாடு வேறு மாதிரி. ஒரே ஒரு முதன்மை சர்வர்தான் எழுதலாம். மற்றவை எல்லாம் அதைப் பார்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர், மற்றவர் கணக்குப் பிள்ளைகள். ஆக்டிவ் டைரக்டரியில் இதை மாற்றினார்கள். எல்லா டொமைன் கன்ட்ரோலரும் எழுதலாம், ஒன்றில் எழுதியதை மற்றவை வாங்கிக்கொள்ளும். ஒரு கிளையில் லைன் அறுந்தாலும் அங்கே வேலை நடக்கும், லைன் வந்ததும் இரண்டு பக்கமும் கணக்கை ஒப்பிட்டுச் சரி செய்துகொள்ளும். நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டிலேயேதான் நம் பிரச்சினையின் வேர் இருக்கிறது. கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், மற்ற சர்வர்கள் என்ன நினைக்க வேண்டும்? மழையில் லைன் போயிருக்கலாம், கரண்ட் இல்லாமல் இருக்கலாம், பழுது பார்க்க அணைத்து வைத்திருக்கலாம். திரும்பி வந்தால் அதனிடம் எழுதி வைத்த கணக்கு இருக்கும், அதை வாங்க வேண்டும். எனவே மற்றவை காத்திருக்கின்றன. நகலெடுக்கும் வழியை அமைக்கும் நிரல் ஒன்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். பதில் சொல்லாத சர்வரைச் சுற்றிக்கொண்டு போக அது வழி தேடும். ஆனால் "இது இனி வராது, பெயரை அடித்துவிடு" என்று அது ஒருபோதும் முடிவு செய்யாது. அந்த அதிகாரம் அதற்குக் கிடையாது. எல்லோரும் சமம் என்று வைத்த இடத்தில் யார் யாரைச் செத்துவிட்டதாக அறிவிப்பது?

ரேஷன் கார்டில் ஒருவர் பெயரை நீக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைக்கு அவர் வரவில்லை என்பதற்காக யாரும் தானாகப் பெயரை எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. வெளியூர் போயிருக்கலாமே! டைரக்டரியும் அப்படித்தான். மௌனத்தை அது மரணம் என்று எடுத்துக்கொள்ளாது. மனிதர் ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முறையாக ஓய்வு கொடுப்பது எப்படி என்று முதலில் சொல்கிறேன். சர்வர் உயிரோடு இருக்கும்போதே அதைப் பதவியிறக்கம் செய்ய வேண்டும். முன்பு டிசிப்ரோமோ என்ற கட்டளை இருந்தது. 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சர்வர் மேனேஜர் வழியாகச் செய்கிறோம். அப்போது அந்த சர்வரே தன்னிடம் மிச்சமுள்ள மாற்றங்களை மற்ற சர்வரிடம் ஒப்படைக்கும், தன் பொறுப்புகளைக் கைமாற்றும், தான் டொமைன் கன்ட்ரோலர் என்று சொல்லும் பதிவுகளை நீக்கும், பெயர்ப் பட்டியலிலிருந்தும் விலகிக்கொள்ளும். சார்ஜ் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறும் தலைமை எழுத்தர் மாதிரி. இவ்வளவு ஒழுங்காகப் போனாலும், தளங்கள் என்ற பகுதியில் அதன் பெயருள்ள காலிக் கூடு ஒன்று மிஞ்சி நிற்கும். அதை நாம்தான் கையால் நீக்க வேண்டும்.

சிக்கல் வருவது ஒப்படைக்காமல் போகும் சர்வரால். அதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைக் கூப்பிட்டார்கள். ஊர், பெயர் வேண்டாம். அங்கே இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள். முதலில் வாங்கிய பழையது ஒன்று, பின்னால் வாங்கிய புதியது ஒன்று. பழையது ஒரு நாள் மின்சாரக் கோளாறில் மதர்போர்டு எரிந்து நின்றுவிட்டது. புதியது இருந்ததால் மறுநாளும் எல்லாம் ஓடியது. "அதான் ஒண்ணு ஓடுதே" என்று பழையதைத் துணி போட்டு மூடி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் பெரிதாக எதுவும் ஆகவில்லை.

பெரிதாக இல்லையே தவிர, சின்னதாக நிறைய ஆகிக்கொண்டிருந்தது. பில்லிங் கவுன்ட்டரில் ஒரு தடவை உடனே திறக்கும் மென்பொருள் அடுத்த தடவை அரை நிமிடம் யோசிக்கும். டொமைனின் பெயருக்கு எதிரே இரண்டு சர்வர்களின் ஐ.பி. முகவரியும் எழுதியிருந்ததுதான் காரணம். பெயரைச் சொல்லிக் கேட்டால் டி.என்.எஸ். இரண்டையும் முன்பின் மாற்றி மாற்றித் தரும். முதலில் வருவது செத்த சர்வரின் முகவரியாக இருந்தால் மென்பொருள் அங்கே போய்க் கதவைத் தட்டி, பதில் வராமல் களைத்து, பிறகுதான் அடுத்த முகவரிக்குப் போகும். இது தவிர பாதிக் கம்ப்யூட்டர்களில் முதல் டி.என்.எஸ். சர்வர் என்று கொடுத்திருந்ததே பழைய சர்வரின் முகவரி. ஊழியர்கள் "சிஸ்டம் ஸ்லோ" என்பார்கள், வெண்டார் வந்து மெமரி கூட்டிவிட்டுப் போவார். நிகழ்வுப் பதிவேட்டில் சிவப்புக் குறிகள் ஒவ்வொரு நாளும் விழுந்துகொண்டே இருந்தன. பார்க்க ஆள் இல்லை.

ஒரு நாள் புதிய செவிலியர்கள் ஒரு தொகுப்பாக வேலையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு உருவாக்கப் போனால் முடியவில்லை. எண் ஒதுக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வந்தது. ஏன்? ஆக்டிவ் டைரக்டரியில் எல்லா சர்வரும் சமம் என்றேன். ஆனால் ஐந்து வேலைகளை மட்டும் ஒரு நேரத்தில் ஒரே சர்வர்தான் செய்ய முடியும். முதலில் நிறுவிய சர்வரிடம் இந்த ஐந்தும் தானாகவே சேர்ந்துவிடும். அதில் ஒன்று எண் வழங்கும் வேலை. ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டருக்கும் குழுவுக்கும் ஒரு தனி எண் வேண்டும். ஒரே எண் இரண்டு பேருக்கு விழுந்துவிடாமல் இருக்க, எண் வழங்கும் சர்வர் மற்ற ஒவ்வொரு சர்வருக்கும் 500 எண்கள் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்து வைக்கும். தீரத் தீர அடுத்த கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கன் புத்தகம் மாதிரி. அந்த மருத்துவமனையில் டோக்கன் புத்தகம் கொடுக்கிறவர் மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்திக் கிடக்கிறார். உயிரோடு இருந்த சர்வர் தன் கையில் இருந்த எண்களை வைத்தே ஒன்றரை வருஷம் ஓட்டியிருக்கிறது. அன்று தீர்ந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிதாக வந்த செவிலியர்களுக்கு வார்டில் ஏற்கெனவே இருந்தவர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வேலை நடக்க வேண்டுமே! நான் போனபோது அப்படியே பத்து நாள் ஓடியிருந்தது. மேட்ரன் அம்மா என்னிடம் கேட்டார்: "சார், ராத்திரி ஷிஃப்டுல ஊசி போட்டது ஒரு பொண்ணு. சிஸ்டத்துல இருக்கறது லீவுல ஊருக்குப் போன இன்னொரு பொண்ணு பேரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைக் கேக்கறது? அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லும்?"

நண்பர்களே, சர்வர் அறையில் ஒரு பெயரை நீக்காமல் விட்டது, வார்டில் ஒரு பெண்ணின் வேலைக்கே ஆபத்தாக வந்து நின்றது. அந்தக் கேள்விக்குப் பிறகு இதை வெறும் கம்ப்யூட்டர் வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த தம்பி நல்ல யோசனை என்று ஒன்று சொன்னார். "சார், பழைய சர்வருக்கு மதர்போர்டு கிடைக்குது. மாத்தி ஆன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடுமே?" கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் அதைச் செய்யவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். மாணவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

டைரக்டரியில் ஒரு கணக்கை நீக்கினால் அது உடனே மறைந்துவிடாது. "இது நீக்கப்பட்டது" என்ற குறியோடு கொஞ்ச காலம் இருக்கும். அதற்கு டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக் கல் என்று பெயர். கிராமத்தில் இழவு சொல்ல ஆள் அனுப்புவார்கள் அல்லவா? உறவுக்காரர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சேதி போய்ச் சேர வேண்டும். அது போல நீக்கிய சேதி எல்லா சர்வருக்கும் போய்ச் சேரத்தான் இந்தக் குறி. ஆரம்பத்தில் இதற்கு 60 நாள் தவணை. 2005-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2003 சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு புதிதாக அமைத்த டைரக்டரிகளில் பொதுவாக 180 நாள். தவணை முடிந்ததும் அந்தக் குறியும் அழிந்துவிடும். அதற்குப் பிறகு திரும்பி வரும் சர்வருக்கு இழவு சேதி சொல்ல ஆளே இல்லை. அதன் கணக்கில் நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பார்கள்.

ஒன்றரை வருஷத்தில் அந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை பேர் விலகியிருப்பார்கள்? சண்டை போட்டுக்கொண்டு போனவர், பணக் கையாடலில் நீக்கப்பட்டவர் எல்லாம் அதில் உண்டு. பழைய சர்வரை ஆன் செய்தால், அதனிடம் போய்க் கேட்கும் கம்ப்யூட்டரில் அவர்கள் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே நுழைந்துவிட முடியும். உயிரோடிருக்கும் சர்வர், "உன்னோடு பேசி வெகு நாளாகிவிட்டது" என்று நிகழ்வு எண் 2042-ஐப் பதிவு செய்து, அதனிடம் கணக்கு வாங்க மறுக்கும். அது நல்லதுதான். ஆனால் அவசரத்தில் அந்தத் தடையை யாராவது நீக்கிவிட்டால், கண்டிப்பில்லாத பழைய அமைப்பில் நீக்கிய கணக்குகள் எல்லா சர்வரிலும் மறுபடி முளைத்துவிடும். அந்தத் தம்பிக்கு இதை விளக்கியபோது முகம் வெளுத்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய பேக்கப் டேப்புக்கும் இதே கதிதான். தவணை தாண்டிய பேக்கப்பிலிருந்து டொமைன் கன்ட்ரோலரை மீட்கக் கூடாது.

சரி, என்ன செய்தோம்? வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில், நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு வரி வாங்கினோம். "பழைய சர்வர் நிரந்தரமாக விலக்கப்பட்டது, மீண்டும் இணைக்கப்படாது." இதுதான் இறப்புச் சான்றிதழ். இது இல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். நீங்கள் நீக்கிய மறுவாரம் யாராவது அதைச் சரி செய்து ஆன் செய்தால் இரண்டு பேர் எண் வழங்கும் நிலை வந்துவிடும்.

இரண்டாவது, உயிரோடிருக்கும் சர்வரை முழுமையாக பேக்கப் எடுத்தோம். இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு ஏதாவது ஆனால் மருத்துவமனையே நின்றுவிடும்.

மூன்றாவது, ஐந்து பொறுப்புகளையும் அதற்கு மாற்றினோம். சாதாரணமாக இருவரும் உயிரோடு இருந்தால் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குவார். கொடுக்க ஆள் இல்லாததால் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்.டி.டி.எஸ்.-யுட்டில் என்ற கருவி முதலில் முறையாகக் கேட்டுப் பார்க்கும், பதில் இல்லை என்ற பிறகுதான் எடுத்துக்கொள்ளும். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் புது எண் கட்டு கிடைத்தது. அன்று மாலைக்குள் செவிலியர் அனைவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு. பகிர்ந்துகொண்ட பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்ற வைத்தோம்.

நான்காவது, மெட்டாடேட்டா கிளீனப் என்று சொல்லப்படும் வேலை. செத்த சர்வர் விட்டுப் போன பதிவுகளை டைரக்டரியிலிருந்து நீக்குவது. பழைய முறையில் அதே என்.டி.டி.எஸ்.-யுட்டிலில் டொமைன், தளம், சர்வர் என்று ஒவ்வொன்றாக எண் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் பூஜ்யத்தை அடித்தால் உயிரோடிருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். எனவே பெயரை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்று சொன்ன பிறகே எண்டர் தட்டுவது என் வழக்கம். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேலை சுலபமாகிவிட்டது. டொமைன் கன்ட்ரோலர்கள் பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரை நீக்கினாலே, "இது நிரந்தரமாக இயங்காதா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் உள்ளே இருக்கும் பதிவுகளையும் சேர்த்து நீக்கிவிடும். அப்போதும் தளங்கள் பகுதியில் நிற்கும் கூட்டை நாம் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஐந்தாவது டி.என்.எஸ். இங்கேதான் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த இந்தப் பெயர் அமைப்பில்தான் இன்றும் எல்லாம் நடக்கிறது. ஒரு டொமைன் கன்ட்ரோலரின் பெயர் அதில் ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அதன் சொந்தப் பெயருக்கான முகவரி ஒன்று. டொமைனின் பெயருக்கு எதிரே அதே முகவரி மறுபடி ஒன்று. நகலெடுப்புக்காக ஒரு நீண்ட அடையாள எண்ணுக்குக் கீழே மாற்றுப் பெயர் ஒன்று. "பாஸ்வேர்டு சரிபார்க்கிறவர் யார், டைரக்டரி தேடுகிறவர் யார்" என்று சேவை வாரியாகவும் தளம் வாரியாகவும் ஒரு கத்தைப் பதிவுகள். அந்த மண்டலத்துக்குப் பெயர் சர்வர் என்று ஒரு பதிவு. முகவரியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் தலைகீழ்ப் பட்டியலில் இன்னொன்று. பழைய பதிவுகளைத் தானாகக் கூட்டிப் பெருக்கும் வசதி டி.என்.எஸ்.-இல் உண்டு. ஆனால் நிறுவும்போது அது அணைந்தே இருக்கும். யாராவது போய் ஆன் செய்தால்தான் ஓடும். ஆன் செய்தாலும் ஏழு நாளும் ஏழு நாளுமாகப் பதினான்கு நாள் தாண்டின பிறகுதான் ஒரு பதிவை நீக்கத் தகுதியானது என்று எடுத்துக்கொள்ளும். கையால் எழுதிய பதிவுகளை அது தொடவே தொடாது. ஆகவே ஒவ்வொரு கிளையாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறாவது வேலை டைரக்டரிக்கு வெளியே. உண்மையில் கடினமானது இதுதான். முகவரி விநியோகிக்கும் டி.எச்.சி.பி. அமைப்பில் பழைய சர்வரின் ஐ.பி. இருக்கும். கையால் முகவரி கொடுத்த பிரிண்டரில் இருக்கும். ஸ்கேனரில், வருகைப் பதிவு இயந்திரத்தில், எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில், என்றைக்கோ யாரோ எழுதிவிட்டுப் போன தொகுப்புக் கோப்பில் இருக்கும். இதற்குப் பட்டியல் எங்கும் கிடையாது. நாங்கள் ஒன்று செய்தோம். ஒரு சாதாரணக் கம்ப்யூட்டருக்குப் பழைய சர்வரின் ஐ.பி. முகவரியைக் கொடுத்து, எந்தச் சேவையும் வைக்காமல், யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று மட்டும் ஒரு வாரம் பதிவு செய்தோம். ஒன்றரை வருஷத்துக்கு முன் செத்த சர்வரைத் தேடிக்கொண்டு எத்தனையோ இயந்திரங்கள் வந்தன. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பிரிண்டர் உட்பட! ஒவ்வொன்றாகப் போய் மாற்றினோம்.

ஏழாவது, சரிபார்ப்பு. ரெப்அட்மின், டிசி-டயாக் என்ற இரண்டு கருவிகள் சர்வரின் உடல்நிலையைச் சொல்லும். அவை சுத்தமாக வந்த பிறகு, இன்னொரு புது சர்வரை இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராகச் சேர்த்தோம். தனியாக ஒன்று மட்டும் இருக்கக் கூடாது. "பழைய பேரையே வைங்க சார், ராசியான பேரு" என்றார்கள். முடியவே முடியாது என்பதில்லை. பழைய பதிவுகள் முற்றிலும் நீங்கி, நீங்கிய சேதி எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு வைக்கலாம். ஆனால் பழைய பெயர் எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அது பழையதா புதியதா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. புதுப் பெயரே நல்லது என்று வைத்தோம்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். துணி போர்த்திக் கிடந்த அந்தச் சர்வரைக் காயலான் கடைக்குப் போட ஆள் வந்து காத்திருந்தார். எடைக்கு எடை பணம். ஆனால் ஒரு டொமைன் கன்ட்ரோலரின் டிஸ்க்கில் டைரக்டரி முழுவதும் ஒரே கோப்பாக இருக்கிறது. எல்லோருடைய பெயரும், பாஸ்வேர்டுகளின் மறைகுறி வடிவமும் அதில் உண்டு. மதர்போர்டு எரிந்தால் டிஸ்க் எரிந்துவிடாது. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியும். அதனால் டிஸ்குகளை மட்டும் கழற்றி, துளை போட்டு உடைத்து, அதற்கும் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கூடு வெளியே போனது.

"இப்போ எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சே சார், இது பழைய கதைதானே?" என்று மாணவர்கள் மனசுக்குள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. டொமைன் கன்ட்ரோலர்கள் இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கிளவுடுக்குப் போனவர்களுக்கும் இதே நோய் வேறு பெயரில் வருகிறது. ஒரு நிறுவனம் ஒரு விழாவுக்காகத் தன் பெயரின் கீழ் ஒரு துணைப் பெயர் வைத்து, அதைக் கிளவுடில் வாடகைக்கு எடுத்த இடத்துக்குத் திருப்பி விடுகிறது. விழா முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். டி.என்.எஸ். பதிவை மட்டும் நீக்க மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலி இடத்தை அதே பெயரில் வேறொருவன் வாடகைக்கு எடுத்தால், நிறுவனத்தின் பெயரிலேயே அவன் கடை விரிக்கலாம். வீட்டைக் காலி செய்துவிட்டு வாசலில் பெயர்ப் பலகையை விட்டுவிட்டுப் போன கதை. சர்வர் அறையில் மிஞ்சிய பெயர் வேலையைக் கெடுத்தது. வெளி உலகில் மிஞ்சிய பெயர் ஏமாற்றுக்காரனுக்குக் கருவியாகிறது.

இந்த வேலைக்குப் புகழ் கிடையாது. புது சர்வர் வைத்தவருக்குப் பாராட்டு உண்டு, பழைய பெயரை நீக்கியவருக்கு யாரும் சால்வை போர்த்தியதை நான் பார்த்ததில்லை. சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? மேலதிகாரிகளாக இருக்கும் என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது சர்வருக்கு ஒப்புதல் கொடுக்கும் அதே தாளில், பழையதை விலக்குவதற்கு எத்தனை நாள், யார் பொறுப்பு என்று ஒரு வரி கேளுங்கள். செலவு பெரிதில்லை. கேட்காவிட்டால் வரும் செலவு பெரிது.

மாணவச் செல்வங்களுக்கு மூன்று கேள்வி தந்து முடிக்கிறேன். நீங்கள் எந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இவற்றுக்கு விடை தேடுங்கள். இங்கே எத்தனை டொமைன் கன்ட்ரோலர்கள் இருப்பதாக டைரக்டரி சொல்கிறது? சர்வர் அறைக்குள் போய் எண்ணினால் உண்மையில் எத்தனை ஓடுகின்றன? அந்த ஐந்து பொறுப்புகளும் யார் கையில் இருக்கின்றன? முதல் இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு முன்னால் அங்கே ஒரு பொறுப்பான ஆள் வேலை பார்த்திருக்கிறார், அவருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லுங்கள். வேறு வேறாக இருந்தால் உங்களுடைய முதல் வேலை எது என்று தெரிந்துவிட்டது. நிர்வாகத்திடம் அந்த ஒரு வரியை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.